பெடலை விடாத கால்

அன்று அங்கே யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டிருந்தார்கள். நான் எழுதியது இதுதான். ஆன்ஸ்கர் என்கிற நான், கார் ஷெட்டுக்குள், இடது பின் சக்கரத்தை ஒட்டி, ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன் மேல் படுத்திருந்தேன். என் மனைவியின் தம்பி பேடர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். என் மகள் இங்ரூன் முற்றத்துக்கு அந்தப் பக்கம், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து பரிசுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆக மூன்று பேர்.

அது முழு உண்மை இல்லை. நான்காவதாக ஒருவர் இருந்தார்.

துறைமுக அலுவலகத்தில் பாதி ஆயுள் கடிதம் எழுதியே கழித்தவன் நான். படித்தது எங்கள் ஊர் ஸ்கார்விக் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரியும். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது.

திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு மணி. எங்களுக்கு எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருந்தது. இங்ரூனின் மகள் தீரிலுக்கு நான்கு வயது. போன வருஷத்திலிருந்து வேறொரு வீட்டில் வளர்கிறாள். இங்ரூன் அப்போது குடித்துக்கொண்டிருந்தாள், இப்போது குடிப்பதில்லை. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாதம் ஒரு தடவை, நகரத்தில், பொம்மை அடுக்கிய ஓர் அறையில், ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்க்க விடுவார்கள். அக்டோபரில் இங்ரூன் போகவில்லை, அது அவள் தப்பு. நவம்பரில் புயலால் சாலையை மூடிவிட்டார்கள். டிசம்பரிலும் வராவிட்டால் சந்திப்பை நிறுத்திவிட்டு, குழந்தை அந்த வீட்டிலேயே நிரந்தரமாக இருப்பதைப் பற்றி முடிவு செய்வோம் என்று அலுவலகத்துப் பெண் போனில் சொன்னாள். குரலை உயர்த்தாமல், ரொம்ப அன்பாகவே சொன்னாள்.

ஸ்கார்விக்கிலிருந்து நகரத்துக்கு ஒரே சாலை. மலை மேல் ஏறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். நீளமான இறக்கம். கடைசி வளைவுக்குக் கீழே நேராகக் கடல்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் வண்டிகளை விடுவார்கள். காலையில் ஒரு வரிசை, மதியம் ஒரு வரிசை. பஸ் மதிய வரிசையில் போகும். அதில் போனால் சந்திப்பு முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். ஆக, எங்கள் பழைய வண்டியை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த வண்டியின் பின் பிரேக் இரண்டும் இறுகிப்போயிருந்தன. சாலையில் கொட்டுகிற உப்பு எதையும் விட்டு வைப்பதில்லை. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் புதிதாக வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதனால் கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பழைய வண்டிக் கிடங்கிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தேன். நல்ல சாமான், அதிகம் தேயாதது. ஒன்றின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் 'இடது', மற்றதன் மேல் 'வலது' என்று யாரோ பொறுப்பாக எழுதியிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதி வைத்துச் செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதியிருந்தபடியே மாட்டினேன். எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் தனி என்பதால் கேலிப்பர் எந்தத் தடையும் இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. வெளியே கும்மிருட்டு. எங்கள் பக்கம் சூரியன் நவம்பர் கடைசியில் போனால் ஜனவரி பாதியில்தான் வரும். ஆகவே இது பகலில் நடந்ததா, இரவில் நடந்ததா என்று கேட்காதீர்கள்.

கேலிப்பர் மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, கேலிப்பரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல்தான் எல்லாம். நான் "அழுத்து" என்பேன். பேடர் மிதித்துவிட்டு "கீழ இருக்கு" என்பான். நான் திறப்பேன், எண்ணெய் குமிழியோடு வரும், மூடுவேன். "விடு" என்பேன். பெடலை மிதிக்கிற போதெல்லாம் வண்டியின் பின்விளக்கு எரியும். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்திருந்தேன். வெளியே முற்றத்துப் பனி சிவப்பாகும். விட்டால் கறுத்துப்போகும்.

"அழுத்து."

"கீழ இருக்கு."

"விடு."

வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தோம். முதலில் குமிழி நிறைய வந்தது. பிறகு குறைந்தது. பிறகு வரவே இல்லை. ஆனால் பெடல் மட்டும் கெட்டியாகவில்லை.

"மச்சான், இது பிரேக் பெடலா, ரொட்டி மாவா? கால வச்சா உள்ள போய்க்கிட்டே இருக்கு."

"நாலஞ்சு தடவை வேகமா மிதிச்சுப் பாரு."

"மிதிச்சா கெட்டியாகுது. கொஞ்சம் விட்டா திரும்ப மாவு."

"அப்ப இன்னும் காத்து இருக்கு."

"எங்க இருக்கு? உன் மண்டைக்குள்ள இருக்கும். ஒரு மணி நேரமா ஊதிக்கிட்டு இருக்க."

"லைசென்ஸ் பறிகொடுத்தவன் பிரேக் பத்திப் பேசாத."

"அதனாலதான் உன் வண்டில சும்மா உக்காந்து மிதிக்கிறேன். எனக்கும் ஆசை இருக்காதா?"

அதுவரைக்கும் எல்லாம் இப்படித்தான் இருந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

முதலில் நான் கவனித்தது விளக்கு. நான் நிப்பிளில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டிருந்தேன், இன்னும் எதுவும் சொல்லவில்லை. பனி சிவந்தது.

"டேய், நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் அழுத்துற?"

"யாரு அழுத்துனா? நான் காலை மடக்கி சீட்டுமேல வச்சிருக்கேன். கீழ எல்லாம் ஈரம்."

"பனி உருகியிருக்கும்."

"பனி உப்புக் கரிக்குமா? கைய நக்கிப் பார்த்தேன்." சீட்டில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "மச்சான், இன்னொண்ணு. நான் கால் வைக்கிறதுக்குள்ளயே பெடல் பாதி கீழ போயிருது. முன்னாடியே யாரோ மிதிச்சிருக்கிற மாதிரி."

"உள்ள காத்து இருந்தா அப்படித்தான் இருக்கும்," என்றேன். அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

மணி மூன்று இருபது இருக்கும். புது எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்பவும் படுத்தேன். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பேடர் வண்டிக் கதவைச் சரியாகச் சாத்திக்கொள்கிறான் என்று நினைத்தேன். தலையில் கட்டிய விளக்கைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டேன்.

"அழுத்து."

பனி சிவந்தது.

"கீழ இருக்கு."

குரல் கம்மியிருந்தது. வாய் நிறைய ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல. சமையலறையிலிருந்து வாஃபிள் அப்பம் சுடும் வாசனை வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. திறந்தேன். சுத்தமான எண்ணெய், குமிழியே இல்லை. மூடினேன்.

"விடு."

சிவப்பு அணையவில்லை.

"பேடர், விடு."

அணையவில்லை.

"விடுடா. கை மரத்துப் போகுது."

"பிடிக்கல," என்றது குரல்.

வாஃபிள் பிடிக்கவில்லை என்கிறான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஸ்பேனரை விடாமல், மற்றக் கையை ஊன்றிப் பாதி எழுந்து, ஷெட்டுக் கதவு வழியாக வீட்டைப் பார்த்தேன்.

சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. இங்ரூன் மேஜையில் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில் பேடர் நின்றான். கையில் வாஃபிள். அதன் மேல் பழுப்புச் சீஸை வைத்து மடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் பனி. சிவப்பாக.

"பிடிக்கல..."

குரல் வண்டிக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல்.

சிவப்பு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. யாரோ மிதிக்கிறார்கள். வேகமாக... இன்னும் வேகமாக.

"பிரேக் பிடிக்கல..."

பெடல் தரையில் மோதும் சத்தம். தட். தட். தட்.

"பிடிக்கல... பிடிக்கல... பிடிக்..."

என் கை ஸ்பேனரோடு இழுபட்டது. சட்டென்று ஏதோ முறிந்தது. எண்ணெய் என் கை வழியாக ஓடியது.

அப்புறம் சத்தம் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. எழுந்து முன் கதவுக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. பெடல் கீழே இருந்தது, முழுதாக, தரையோடு ஒட்டி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மேலே வந்தது. பெடலுக்குக் கீழே ரப்பர் விரிப்பில் தண்ணீர் தேங்கி நின்றது.

சீட்டைப் பார்த்தேன். பேடர் ஆறடிக்கு மேல் உயரம். அவன் உட்கார்ந்தால் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிடுவான். அது இப்போது முன்னால் இருந்தது. ஸ்டியரிங்கை ஒட்டி. ரொம்பக் குள்ளமான ஒருவருக்காக இழுத்து வைத்ததுபோல.

பேடரும் இங்ரூனும் வந்தபோது நான் பின் சக்கரத்தடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிப்பிள் கேலிப்பருக்குள்ளேயே முறிந்திருந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. நிப்பிள் கேலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது. அது மேல்பக்கம் இருக்க வேண்டும். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். ஆறாம் வகுப்பில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருக்கிறார்கள். அடியில் திறந்தால் எத்தனை தடவை மிதித்தாலும் எண்ணெய்தான் வரும், காற்று வராது. இரண்டு கேலிப்பரும் பக்கம் மாறியிருந்தன. மஞ்சள் பெயின்ட்டை நம்பி நான் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன்.

"சரி, மாத்திப் போடு," என்றான் பேடர்.

"நிப்பிள் உடைஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை. எந்தக் கடை இருக்கு?"

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். பின்னால போற குழாயை இடுக்கி போட்டு இறுக்கிடலாம். முன் பிரேக் மட்டும் போதும். கீழ் கியர்ல மெதுவா இறங்கிடுவா. எங்கப்பா ஒரு குளிர்காலம் முழுக்க அப்படித்தான் ஓட்டுனாரு."

அவன் சொன்னது தப்பில்லை. எங்கள் ஊரில் அப்படி ஓட்டினவர்கள் உண்டு. நாற்பது தடவை இறங்கினால் முப்பத்தொன்பது தடவை ஒன்றும் ஆகாது.

"மாமா சொல்றது சரிதாம்பா," என்றாள் இங்ரூன். "சாவியக் குடு. இப்பவே இறுக்கிடுங்க."

"வேணாம்."

"ஏன்?"

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தேன். அவள் கையில் ரிப்பன் துண்டு இருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

"அப்பா. ஏன்னு கேக்குறேன்."

"பிரேக் பிடிக்காது."

"அது எனக்குத் தெரியும். மெதுவாப் போறேன்னுதானே சொல்றேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். அன்று மாலை முழுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தோம். ஊரில் வண்டி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்துமஸுக்குத் தெற்கே போயிருந்தார்கள். மிச்சப் பேர் அந்த வாரம் கணவாய்ப் பக்கமே போகிறதில்லை என்றார்கள். குடித்துவிட்டு அக்டோபரில் ஊரையே கூட்டிய பெண்ணுக்காக யார் ஏறி இறங்குவார்கள்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இங்ரூன் படுக்கப் போகும் முன் என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்த வளைவுல போயிருந்தாலும் அவளப் பாக்கப் போற வழியில போயிருப்பேன். இப்ப வீட்டுல உக்காந்து இழக்கிறேன். நல்லா இரு அப்பா, நீ."

மறுநாள் அவள் மதிய பஸ்ஸில் போனாள். போய்ச் சேர்ந்தபோது அந்த அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். பரிசுப் பொட்டலத்தை வாசலில் இருந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. உப்பை நகர்த்தச் சொல்லக்கூடப் பேடரிடம்தான் சொல்கிறாள்.

புதன்கிழமை கிடங்குக்காரருக்குப் போன் செய்தேன். எனக்குத் தேவை ஒரு மாற்று நிப்பிள். வேறு எதையும் கேட்க நினைக்கவில்லை.

"எந்த ஜோடி?" என்றார் அவர்.

"மஞ்சள்ல எழுதினது. எழுதினது மாறிப்போயிருக்கு. இடதுன்னு இருக்கிறது வலது."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அட, அதையா அனுப்பிட்டானுங்க பயலுக? அது ஆர்வித் வண்டியோடது. ஏப்ரல்ல தண்ணிக்குள்ள இருந்து தூக்கினது. கணவாய் இறங்கினா கடைசி வளைவு இருக்குல்ல, அங்க. அவன் பொண்டாட்டி யோர்டிஸ் ஓட்டிக்கிட்டு வந்தா."

"பிரேக்கா?"

"இல்ல இல்ல. பனி வழுக்கிருச்சுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. பிரேக் எல்லாம் புதுசு. அதுக்கு முந்தின நாள்தான் ஆர்வித் வீட்டுலயே மாட்டினான். ரெண்டு பேருமாத்தான் வேலை பார்த்தாங்க. அவன் கீழ, அவ பெடல்ல. என்ன ஒரு ஜோடிங்கிற. அவ இத்துனூண்டு இருப்பா, சீட்டை முன்னாடி இழுத்தாத்தான் கால் எட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முக்குளிச்சவங்க சொன்னாங்க, கால் பெடலை விட்டு வரவே இல்லையாம். ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தாங்களாம்."

"எழுத்து அவரோடதா?"

"அவனோடதுதான். படகுக்கு அடிச்ச பெயின்ட்டு. வாழ்நாள் பூரா துடுப்பு போட்டவன். படகைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்?"

துடுப்பு போடுகிறவன் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்வான். அவன் இடது கை, படகின் வலது பக்கம். அந்தக் கணக்கிலேயே ஆர்வித்தும் பக்கம் மாற்றி மாட்டியிருப்பான், காற்று உள்ளேயே நின்றிருக்கும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்தேன்.

"ஆர்வித் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"இருக்கான். பனிதான் காரணம்னு சொன்னதுல கொஞ்சம் தேறினான். இல்லாட்டி அவனும் எப்பவோ போயிருப்பான்."

நிப்பிள் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆர்வித்துக்கு எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். பெயரை எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை. அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு இன்னொரு தாளை எடுத்து, அலுவலகம் கேட்டபடி எழுதினேன். யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள். பின் பிரேக் வேலை முடியவில்லை, நிப்பிள் முறிந்தது, வண்டியை எடுக்க வேண்டாம் என்று தடுத்தது நான், என் மகள் அல்ல. மூன்று பேர். நான்காவது ஆளை எழுதினால் இந்தக் குடும்பத்தில் யாரிடமும் குழந்தையைத் தர மாட்டார்கள். எழுதாவிட்டாலும் தரப்போவதில்லை. அது கடிதத்தை மடிக்கும்போதே தெரிந்தது. அங்கே இருந்த அன்பான பெண் பதில் போடுவாள், ரொம்ப மரியாதையாகப் போடுவாள்.

உறையை ஒட்டி, தபால் தலையை ஒட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தபால் பெட்டி சாலையோரம் இருக்கிறது. ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வண்டி கட்டைகளின் மேல் நின்றது. சக்கரம் இல்லை. பேட்டரியை முந்தின நாளே கழற்றிச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

முற்றத்துப் பனி சிவப்பாக இருந்தது.

நான் நின்றேன். உள்ளே பார்க்கவில்லை.

"விடு," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். "விடும்மா. முடிஞ்சு போச்சு."

சிவப்பு அணையவில்லை.

அந்தச் சிவப்பின் மேலேயே நடந்து போய்ப் பெட்டியைத் திறந்து, கடிதத்தைப் போட்டேன். அடியில் போய் விழுகிற சத்தம் கேட்டது.